ஆர்பிஜிக்கு எடைப்பிரிவு வேண்டாம்

(தண்டையார்பேட்டையில் கேம் ஆடும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். குத்துச்சண்டை தெரிந்த ஊர் இது. ரிங்கில் ஏற்றுவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். அறுபது கிலோக்காரனுக்கு அறுபது கிலோக்காரன்தான் எதிரே நிற்பான். போட்டிக்கு அது நியாயம். அதே நியாயத்தை ஆர்பிஜிக்குள், அதாவது ஒரு பாத்திரமாக மாறி அதை வளர்த்துக்கொண்டே போகும் கேமுக்குள், கொண்டுவந்தால் கேமே கெட்டுப்போகும் என்பதுதான் என் கட்சி.

2006-ல் வந்த ஆப்லிவியன் என்ற ஆர்பிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் லெவல் ஏற ஏற எதிரியும் கூடவே ஏறுவான். வழிப்பறிக்காரன் விலை உயர்ந்த கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு வந்து நூறு பொன் கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே உட்கார்ந்து சாப்பிடலாமே, அவனுக்கு எதற்கு இந்தப் பிழைப்பு?

உள்ளே இருக்கும் கணக்கு அதைவிட மோசம். மொத்தம் 21 திறன்கள். அவற்றில் 7 முதன்மைத் திறன்கள். அந்த ஏழிலும் சேர்ந்து 10 புள்ளி ஏறிய பிறகு கட்டிலில் படுத்துத் தூங்கினால் ஒரு லெவல். அப்போது பலம், வேகம் மாதிரி மூன்று குணங்களைக் கூட்டலாம். ஒரு குணத்துக்குக் கீழே வரும் திறன்கள் அந்த லெவலுக்குள் 10 தடவை ஏறியிருந்தால் +5 கிடைக்கும். ஒன்றும் ஏறாவிட்டால் +1தான். புதிதாக ஆடுகிறவர் என்ன செய்வார்? அடிக்கடி பயன்படும் திறன்களையெல்லாம் முதன்மையில் போடுவார். லெவல் மளமளவென்று ஏறும். ஆனால் அந்தப் பத்துப் புள்ளியும் நாலு பக்கம் சிதறிப்போயிருக்கும். கைக்கு வருவது +2, +3தான். எதிரி நம் குணத்தைப் பார்ப்பதில்லை, லெவலைத்தான் பார்க்கிறான். ஆகவே ஏறியவர் அடி வாங்குவார். லெவல் ஏறக் கூடாது என்று ஹீரோவைத் தூங்கவே விடாமல் ஆடியவர்கள் உண்டு! 2025-ல் அதே கேமைப் புதுப்பித்து விட்ட ரீமாஸ்டரில் லெவலுக்கு 12 புள்ளியைக் கையில் கொடுத்து, இதில் பாதியைச் சரிசெய்தார்கள். எதிரி கூடவே வளர்வது மட்டும் போகவில்லை.

இதற்கு நேரெதிர், 2001-ல் ஜெர்மனியிலிருந்து வந்த காதிக் என்ற கேம். அங்கே ஓர்க் என்ற முரட்டு அரக்கன் எப்போதும் ஓர்க்தான், நம் லெவலைப் பார்த்து மாற மாட்டான். ஆரம்பத்தில் எதிர்ப்பட்டால் ஓடத்தான் வேண்டும். லெவலுக்கு 10 கற்றல் புள்ளி. அதைச் செலவழிக்க ஒரு வாத்தியாரைத் தேடிப் போக வேண்டும். பயிற்சி இல்லாத ஹீரோ ஒற்றைக் கை வாளை இரண்டு கையாலும் பிடித்துத் தடுமாறுவான். கற்றுக்கொண்டதும் பிடியே மாறும். குத்துச்சண்டையில் முகத்தைக் காக்கக் கையைத் தூக்கிப் பிடிக்கத் தெரியாத பையன் ஆறு மாதம் கழித்து நிற்கும் நிலையே வேறு, இல்லையா? அதுதான் இது. குறையும் சொல்லிவிடுகிறேன்: தரையில் கிடக்கும் பொருளை எடுக்கவே இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும், விரல் சுளுக்கிவிடும்.

ஹீரோ இவ்வளவு எடைதான் சுமக்கலாம் என்று கட்டுப்படுத்தும் மூட்டை பாரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். துருப்பிடித்த கத்தியைச் சுமப்பதா, போடுவதா என்று யோசிப்பதை விளையாட்டு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு செயல் பலிக்குமா என்று முடிவு செய்யும் பகடைக்கு வருவோம். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜியில் தொட வேண்டிய இலக்கு 15, பகடையோடு கூட்டிக்கொள்ளும் உங்கள் போனஸ் 5 என்றால் இருபது பக்கப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 55 சதவீதம். இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை இருந்தால் ஏறக்குறைய 80. தோற்றால்? பலரும் உடனே முன்பு சேமித்துவைத்த இடத்திலிருந்து லோட் செய்கிறார்கள். தோற்ற வழிக்கென்று எழுதிவைத்த காட்சிகளைப் பார்க்க ஆளில்லை. 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியம் என்ற ஆர்பிஜி இதை நன்றாகச் சமாளித்தது. அதில் வெள்ளை நிறத்தில் காட்டும் பகடைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை ஏற்றிக்கொண்டு மறுபடி முயலலாம். சிவப்பு ஒரே தடவைதான். ஆனால் தோல்விக்கு எழுதிய வசனம் சில இடங்களில் வெற்றியைவிட ருசி. லோட் செய்ய மனசு வராது. ஒரே சிக்கல், அது முழுக்கப் படிக்கிற கேம். ஆங்கிலம் தடுமாறினால் மலையேறுவது மாதிரி இருக்கும்.

ஒரு கேமை வாங்கியதும் செய்ய ஒரு சோதனை. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மூக்கையும் முடியையும் செதுக்கி அதில் ஒரு மணி நேரத்தைக் கரைக்காதீர்கள். தயாராக இருக்கும் பாத்திரத்தை எடுங்கள். பயிற்சிப் பகுதியைத் தாண்டுங்கள். முதலில் வரும் ஓநாயோ எலியோ எத்தனை அடியில் விழுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு லெவல் ஏறிவந்து, அதே ஆயுதத்தால் அதே மிருகத்தை அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை குறையவே இல்லையா? பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.