ஓடுபாதையைத் தின்னும் வெயில்

பெரியோர்களே, நண்பர்களே! மதுரை பெருங்குடி விமான நிலையம் வளரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் கட்டடத்தைத்தான் காட்டுகிறார்கள். முனையம் விசாலமா, நெருக்கடியா என்பது பயணியின் கவலை. விமானம் கேட்பது ஓடுபாதையை.

1942-இல், போர்க்காலத்தில், ராயல் ஏர்ஃபோர்ஸ் பயன்படுத்திய தளம் இது. 2010-இல் புதிய முனையம், 2012-இல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம். ஓடுபாதை மட்டும் 7,500 அடி, அதாவது 2,286 மீட்டர்.

போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் மேலெழும்ப இவ்வளவு தூரம் வேண்டும் என்று ஏட்டில் இருப்பது, கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்கு உரியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தோராய விதிப்படி, 300 மீட்டர் உயரத்துக்கு 7 சதவீதம் கூட்ட வேண்டும். அந்த உயரத்துக்கு உரிய வெப்பத்தைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம். நம் நிலையம் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதற்கு 3 சதவீதம். கோடைப் பகலை 38 டிகிரி என்று வையுங்கள். நம் உயரத்துக்கு உரிய வெப்பம் ஏறக்குறைய 14 டிகிரி; அதைத் தாண்டிய 24 டிகிரிக்கு 24 சதவீதம். ஏட்டில் 2,000 மீட்டர் கேட்கும் விமானம், சித்திரை வெயிலில் 2,550-க்கு மேல் கேட்கும்! சூடான காற்று லேசானது. இறக்கைக்கும் தாங்கல் குறைவு, எஞ்சினுக்கும் வலு குறைவு.

பாதை நீளாது என்றால் பாரம் குறைய வேண்டும். எரிபொருளில் கை வைக்க முடியாது. முதலில் நிற்பது சரக்கு; நம் மல்லிகைப் பெட்டியும் அதில் சேர்த்தி. இரவில் 28 டிகிரி என்றால் அதே விமானத்துக்கு ஏறக்குறைய 2,350 போதும். 24 மணி நேர இயக்கத்தின் பெரிய லாபம் இதுதான். அதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

12,500 அடியாக நீட்டுவது திட்டம். கூடுதல் 5,000 அடிக்குத் தார் போட்டால் முடிந்துவிடாது. நடுக்கோட்டின் இருபுறமும் 140 மீட்டர் வெற்றிடம், முனைக்கு அப்பால் 60 மீட்டர், அதையும் தாண்டி 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி வேண்டும். குறுக்கே ரிங் ரோடு கிடக்கிறது. அதைப் பாதைக்கு அடியில் கொண்டுபோனால், கூரை விமானத்தின் எடையைத் தாங்க வேண்டும். ஐப்பசி மழையில் உள்ளே தேங்கும் நீரை இறைக்க பம்புகளும் வேண்டும்.

நிலம் கொடுக்கும் சின்ன உடைப்பு கிராம மக்கள் 2024-இல் கேட்டது மீள்குடியேற்றம். அதை முதலில் முடித்திருந்தால் பாதி தாமதம் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கடைசியாகக் கண்மாய்கள். பாதையை நீட்டும்போது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மண் போட்டு மூடினால் தண்ணீர் ஓடுபாதை ஓரத்தில் நிற்கும். தண்ணீர் நின்றால் பறவை வரும். பறவை எஞ்சினுக்குள் போகும். நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கழிவு கொட்டக் கூடாது என்று விதி இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே மண் அடிக்கும் முன்பே, கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும் என்பதை வரைபடத்தில் குறித்து, பாலம் கட்டிவிட வேண்டும்.