ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோயும் நோயாளியின் சாப்பாடும்

(கட்டடத் தொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஷீட் போடுகிறவர்கள், பழைய கட்டடம் இடிக்கிறவர்கள், பிரேக் வேலை பார்க்கிற மெக்கானிக்குகள், அவர்கள் வீட்டம்மாக்கள் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். நான் புற்றுநோய் வார்டில் உணவு ஆலோசனை சொல்கிற வேலையில் இருக்கிறேன். என்னைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "இந்த நோய்க்கு என்ன சாப்பிட்டால் சரியாகும்?" என்பதுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பெஸ்டாஸால் வந்த புற்றுநோயைக் கரைக்கிற சாப்பாடு எதுவும் இல்லை. ஆனால் மருந்தைத் தாங்குகிற தெம்பு சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, வேண்டாததை வாங்கிக் கொடுத்து வேண்டியதை நிறுத்திவிடுகிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இன்று பேச ஒத்துக்கொண்டேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற கனிமம். கல்தான், ஆனால் பஞ்சு மாதிரி இழை இழையாகப் பிரியும். தீப்பிடிக்காது, மக்காது, விலையும் குறைவு. அதனால் கூரை ஷீட், கொதிகலன் உறை, பிரேக் லைனிங், கேஸ்கெட் என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். ஷீட்டை அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் தூசியோடு பறக்கும். மூச்சோடு உள்ளே போய், நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை இறங்கும்.

உள்ளே போகிற குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்யும் செல்கள் நம் உடம்பில் உண்டு. அவை இந்த இழையையும் விழுங்கப் பார்க்கும். நீளமான இழை அந்தச் செல்லைவிடப் பெரியது. மீன் முள் தொண்டையில் குறுக்கே மாட்டியவர் போல, செல் பாதி விழுங்கித் திணறி, கடைசியில் செத்துப்போகும். அதிலிருந்து கசியும் ரசாயனங்கள் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கும். அடுத்த செல் வரும், அதற்கும் அதே கதி. இப்படி வருடக்கணக்காக ஆறாத அழற்சி நடந்துகொண்டே இருக்கும்போது, செல்லின் மரபணுவில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் அது புற்றுநோய் ஆகிறது.

உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை, எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நுரையீரல், குரல்வளை, பெண்களுக்குக் கருப்பை பக்கத்துச் சினைப்பை ஆகியவற்றில் இதனால் புற்றுநோய் வரும். நான்காவது, மீசோதீலியோமா. நுரையீரலையும் குடலையும் மூடியிருக்கிற மெல்லிய சவ்வில் வருவது இது. முதன்முதலாக மூச்சில் தூசி போனதிலிருந்து நோய் தெரிய 20 முதல் 50 வருடம்கூட ஆகும். இருபது வயதில் ஷீட் அறுத்தவருக்கு அறுபது வயதில் மூச்சு வாங்கினால், அவருக்கே அந்தப் பழைய வேலை ஞாபகத்தில் இருக்காது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1924-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் குக் அதை மருத்துவ இதழில் எழுதினார். 1955-இல் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவ ஆய்வாளர், அதே ராச்டேல் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று காட்டினார். டாலின் பெயரை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார். 1960-இல் தென்னாப்பிரிக்காவின் சுரங்கப் பகுதியிலிருந்து வாக்னரும் கூட்டாளிகளும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் சுரங்கத்துக்குள் கால் வைக்காமல், பக்கத்தில் குடியிருந்தவர்களும் இருந்தார்கள்.

1965-இல் லண்டனில் 76 மீசோதீலியோமா நோயாளிகளின் கதையை அலசினார்கள். அதில் 9 பேர் ஆலையில் வேலையே செய்ததில்லை, வீட்டில் ஒருவர் வேலை செய்தார், அவ்வளவுதான். புருஷனின் வேலைத்துணியை உதறித் துவைத்ததே அப்படிப்பட்ட பெண்களுக்குப் போதுமானதாக இருந்தது. இங்கே வந்திருக்கிற அம்மாக்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைத்துணியை உதறாதீர்கள். வாசலிலேயே கழற்றச் சொல்லி, நேராகத் தண்ணீரில் போட்டுவிட்டு, குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

உலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் வெட்டி எடுப்பது நின்றிருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து, குறிப்பாக ரஷ்யாவிலிருந்து, கொண்டுவந்து ஷீட் செய்வது நிற்கவில்லை. உலகத்திலேயே அதிகமாக இறக்குமதி செய்வது நாம்தான். இது எனக்குக் கோபமும் வருத்தமும் தருகிற விஷயம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

தூசி வேலை செய்கிறவர்களுக்கு வெல்லம் கொடுக்கிற வழக்கம் இந்தியா முழுக்க உண்டு. வாழைப்பழம் சாப்பிட்டால் தூசி வெளியே போய்விடும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். வெல்லமும் பழமும் போவது உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு. இழை உட்கார்ந்திருப்பது மூச்சுக்குழாய் வழியாகப் போய் நுரையீரலில். ஒன்று இன்னொன்றைத் தொடவே முடியாது. வாழைப்பழம் நல்ல பழம், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் முதலாளி மாஸ்க் கொடுக்காமல் வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்தால், "ஐயா, எங்களுக்கு மாஸ்க் வேண்டும், ஷீட்டை நனைக்கத் தண்ணீர் வேண்டும்" என்று கேளுங்கள். முகத்தில் கட்டுகிற துண்டும் கைக்குட்டையும் இந்த இழையைத் தடுக்காது.

அப்புறம், சத்து மாத்திரை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயையும் சத்துணவையும் சேர்த்து உலகம் கற்ற பெரிய பாடம் இதில்தான் இருக்கிறது.

காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொன்னன. கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற பீட்டா கரோட்டின்தான் காரணமோ என்று 1981-இல் ஒரு கட்டுரை கேட்டது. எழுதியவர்களில் ஒருவர் நான் முன்பு சொன்ன அதே ரிச்சர்ட் டால். கேள்வியாகத்தான் கேட்டார்கள், முடிவாகச் சொல்லவில்லை. அப்படியானால் சோதித்துப் பார்ப்போம் என்று அமெரிக்காவில் கேரட் என்ற பெயரிலேயே ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 18,314 பேர். புகைப்பவர்கள், புகைத்து நிறுத்தியவர்கள், அவர்களோடு ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்த 4,000-க்கும் மேற்பட்ட ஆண்கள். பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏ-யும். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை.

1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னாலேயே ஆய்வை நிறுத்த வேண்டி வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. இறப்பும் 17 சதவீதம் அதிகம். இதற்கு இரண்டு வருடம் முன்பு வெளியான, பின்லாந்தில் 29,133 புகைப்பிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்விலும் பீட்டா கரோட்டின் மாத்திரை நோயை அதிகமாக்கியது.

இதைக் கேட்டுவிட்டுக் கேரட் பொரியலை நிறுத்திவிடாதீர்கள். காயில் அந்தச் சத்து கொஞ்சமாக, நூற்றுக்கணக்கான மற்ற பொருள்களோடு சேர்ந்து இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, பல மடங்கு குவித்து, ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிற நுரையீரலுக்கு அனுப்பும்போது நடப்பது வேறு. முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, கேரட் எல்லாம் தட்டில் இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தவர்களும் புகைப்பவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரை மட்டும் வாங்கக் கூடாது. மருந்துக்கடையில் "எதிர்ப்புசக்திக்கு நல்லது" என்று கொடுத்தால், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புகை என்றதும் இன்னொரு கணக்கு. 1979-இல் வெளியான ஆய்வில், தூசியும் புகையும் இல்லாதவர்களைவிட, ஆஸ்பெஸ்டாஸ் தூசி மட்டும் பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. புகை மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 50 மடங்குக்கு மேல். உள்ளே போன இழையை யாரும் எடுக்க முடியாது. பீடியை இன்றைக்கே கீழே போட முடியும். எந்தப் பழச்சாறும் இதற்கு ஈடாகாது.

இனி, நோய் வந்துவிட்டவர்களைப் பற்றி. நம் வீடுகளில் நோய் என்றதும் முதலில் பத்தியம் வைப்போம். முட்டை சூடு, மீன் வேண்டாம், தயிர் சளி பிடிக்கும், பால் ஜீரணிக்காது. கடைசியில் மிஞ்சுவது அரிசிக் கஞ்சியும் ரசமும்தான். பாசத்தால்தான் செய்கிறோம், தெரியும். ஆனால் மீசோதீலியோமா நோயாளிக்கு நடப்பதைப் பாருங்கள். கட்டியும் அழற்சியும் சேர்ந்து அவர் தசையையே கரைக்கின்றன. மூச்சு விடுவதற்கே கூடுதல் சக்தி செலவாகிறது. வயிற்றுச் சவ்வில் நோய் வந்தவருக்கு நீர் கோத்து, நாலு வாயிலேயே வயிறு நிரம்பியது போல் ஆகிவிடும். இந்த நிலையில் ஒரு டம்ளர் கஞ்சியில் 2, 3 கிராம் புரதம்தான் கிடைக்கும். தேவையோ, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம். 55 கிலோ உள்ளவருக்கு 55 முதல் சுமார் 82 கிராம். கஞ்சியால் அந்த இடைவெளியை அடைக்கவே முடியாது.

ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. நூறு கிராம் மீனில் 20. சைவமாக இருந்தால் சுண்டல், பாசிப்பருப்பு, பனீர், கெட்டித் தயிர். சாதத்தில் பருப்பைக் குழைத்து மேலே நெய் விடுங்கள். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதிலேயே பாலும் பொட்டுக்கடலை மாவும் கலந்து கொடுங்கள். மூன்று வேளை தட்டு நிறைய வைப்பதை விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக. மூச்சு வாங்குகிறவரைப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள், சாய்த்து உட்காரவைத்து, மெதுவாக, மென்மையான உணவாக. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் புரத அளவை மருத்துவர் சொல்லித்தான் வைக்க வேண்டும்.

சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று சொல்லி, எடை குறைந்து கிடப்பவருக்குப் பாயசத்தைக்கூட மறுக்கிறார்கள். நீரிழிவு இல்லாதவர் என்றால் கொடுங்கள். வாய்க்குப் பிடித்தது என்று ஒன்று அவருக்கு மிஞ்சியிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். ஆறு மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால், அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்து பற்றியும் ஒன்று. மீசோதீலியோமாவுக்குச் சிஸ்பிளாட்டினோடு சேர்த்துத் தரும் பெமெட்ரெக்செட், செல்லுக்குள் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் செயல்படுகிறது. அதன் ஆரம்ப ஆய்வுகளில், சத்துக் குறைவான நோயாளிகளுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன, இறப்பும் நேர்ந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் வைட்டமின் பி12 ஊசியும் சேர்த்தார்கள். முதல் மருந்து ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்க வேண்டும், கடைசி மருந்துக்குப் பின் மூன்று வாரம் வரை நிறுத்தக் கூடாது. மாத்திரை வேண்டாம் என்று சற்று முன் சொன்னவள் இப்போது வேண்டும் என்கிறாளே என்று நினைக்காதீர்கள். இது மருத்துவர் அளந்து எழுதுவது, இதை விடவே கூடாது. முள்சீத்தா இலைக் கஷாயம், மஞ்சள் கேப்சூல் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்கவும் கூடாது. குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. செறிவூட்டிய கேப்சூலால் கல்லீரல் கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து ஏற்றியபின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் தெருவோர ஜூஸ், பச்சைக் காய்கறி சாலட், நேற்றைய குழம்பு வேண்டாம். அன்றன்று சமைத்த, நன்றாக வெந்த உணவு மட்டும்.

கூட்டம் முடிந்தபின் ஓர் அண்ணன் எழுந்து கேட்டார்: "எங்க வீட்டுக் கூரையே அந்த ஷீட்தான், பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

பயந்து இன்றைக்கே பிரிக்க வேண்டாம் அண்ணே, என்றேன். முழுசாக இருக்கிற ஷீட்டிலிருந்து இழை அதிகம் வராது. ஃபேன் மாட்ட, ஒயர் இழுக்க என்று அதில் துளை போடாதீர்கள். பாசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். மாற்றும் காலம் வரும்போது, தண்ணீரால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். இறக்குகிறவர் மாஸ்க் போட்டிருக்க வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கீழே விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கவரில் கட்டிவிடுங்கள்.

அவர் விடவில்லை. "நானும் பதினைஞ்சு வருஷம் ஷீட் அறுத்திருக்கேன்மா. இப்போ என்ன செய்யணும்?"

எந்த வருடத்தில், எந்த ஊரில், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி மருத்துவமனைச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நெஞ்சில் நீர் கோத்தால் நம் ஊரில் முதலில் காசநோய் என்றுதான் சந்தேகப்படுவார்கள். காசநோய் மருந்துக்கும் நீர் அடங்காவிட்டால் அந்தத் தாளைக் காட்டி, சதைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் குறைந்தது 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆலையில் வேலை பார்த்திருந்தால் அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. தாளை எழுதத் தெரியவில்லை என்று அவர் தயங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் என்னிடமே பேனா வாங்கிக்கொண்டாள்.