ஈயலம்பத்தில் முளைத்த பூங்கா

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சர்ச் ஸ்திரீட்டில் உள்ள அந்தப் பச்சை மாளிகையைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். இப்போது அது அருங்காட்சியகம். சுற்றுப்பயணிகள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், கல்யாணப் படம் எடுக்கிறார்கள். அது சீனர் தலைவராக இருந்த கப்பித்தான் சுங் கெங் குவீயின் மாளிகை. அதைக் கட்டிய காசு பினாங்கு மண்ணில் விளைந்ததல்ல, பேராக்கின் லாருட்டில் தோண்டி எடுத்தது. தோண்டிய பள்ளங்கள் அங்கேயே கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் பிள்ளைகுட்டிகளோடு பாலத்தைத் தாண்டிப் போய் சுற்றிப் பார்க்கிறோமே, தைப்பிங் ஏரிப்பூங்கா, அதைத்தான் சொல்கிறேன்.

லாருட்டில் ஈயம், அதாவது வெள்ளீயம், கிடைத்த கதை பலருக்கும் தெரியும். 1848 வாக்கில் லோங் ஜாஃபாரின் யானை காட்டுக்குள் ஓடிப்போய், திரும்பி வரும்போது காலில் ஈயமண்ணோடு வந்ததாம். அந்த யானைக்குப் பெயர் லாருட்டாம். நடந்ததோ இல்லையோ, அத்தனை செல்வத்தில் யானைக்கு ஒரு கட்டு கரும்பாவது கொடுத்தார்களா என்று கதை சொல்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

ஈயம் இருந்தால் போதுமா? முதல் வேண்டும், ஆள் வேண்டும். இரண்டும் இங்கிருந்து போயின. பினாங்குத் தவுக்கேகள், அதாவது சீன முதலாளிகள், அரிசியும் அபினும் முன்பணமும் கொடுத்து சீனக் கூலிகளை அனுப்பினார்கள். ஹாய் சான் என்ற ரகசியச் சங்கம் ஒரு பக்கம், கீ ஹின் சங்கம் ஒரு பக்கம். 1861இல் அவர்களுக்குள் முதல் சண்டை மூண்டது. எதற்கு? லம்பத்துக்கு, அதாவது ஈயம் தோண்டும் இடத்துக்கு, போகிற ஒரு நீரோடைக்கு. ஈயம் கழுவத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் யார் கையில் இருக்கிறதோ ஈயம் அவர் கையில். 1867இல் இந்த ஜார்ஜ் டவுன் தெருக்களிலேயே பெருங்கலவரம் வெடித்தது. அது சீனர் சண்டை மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற இரண்டு சங்கங்களில் மலாய்க்காரர்களோடு நம் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கடைசியில் 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை வந்தது. இனிச் சண்டை போட்டால் 50,000 வெள்ளி அபராதம் என்று சீனத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் லாருட்டின் அந்த லம்ப ஊருக்கு ‘நிலைத்த அமைதி’ என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர்.

சரி, பூங்காவுக்கு வருவோம். அந்தக் காலத்து லம்பம் ஆழமான சுரங்கமல்ல, திறந்த பள்ளம். மேல்மண்ணை வெட்டிக் கொட்டுவார்கள். அடியில் ஈயம் கலந்த சரளை இருக்கும். அதைக் கூடையில் சுமந்து ஏறி, ஓடுகிற தண்ணீரில் அலசினால் கனமான ஈயமண் தங்கும், மற்றது போய்விடும். பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்க ஓயாமல் சங்கிலி ஏற்றம் ஓட வேண்டும். சரளை தீர்ந்ததும் ஏற்றத்தை நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. பின்னால் லாருட் மலை நின்று மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கைவிட்ட பள்ளம் தானே நிரம்பிவிடும். ஆகவே, ஏரியை வெட்டிய பெருமையை எந்தத் துரைக்கும் கொடுக்க வேண்டியதில்லை. வெட்டியது கூலி, நிரப்பியது மழை.

துரைமார் செய்தது வேறு. 1880களின் தொடக்கத்தில், அந்தப் பாழ்நிலத்தைப் பொதுப்பூங்காவாக்கலாம் என்ற யோசனை பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் வாக்கருடையது. அதை மறுக்கவில்லை. நிலத்தைக் கொடுத்தவர் சுங் தாய் பின் என்று எழுதுகிறார்கள், வழிகாட்டிகளும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். அவர் கெங் குவீயின் மகன், பிறந்தது 1879இல். பால்குடி மறக்காத பிள்ளை எந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தது? பூங்காவின் தொடக்கத்தைப் பேசும்போதாவது அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

பூங்கா யாருக்காக என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. தைப்பிங் 1937 வரை பேராக்கின் தலைநகரம். அதிகாரிகளின் பங்களாக்களும் கிளப்பும் அந்தப் பக்கம்தான் இருந்தன. மாலையில் அவர்கள் உலாவுவதற்கு இடம் வேண்டியிருந்தது. 1893இல் மாடுகள் நுழையாதபடி ஒரு பகுதிக்கு வேலி போட்டார்கள். மாடு யாருடையது என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்குப் பால் ஊற்றியவர்கள் நம்மவர்களும் பஞ்சாபியரும்தான்.

ஈயம் அலசிய மண் எப்படியிருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். வெள்ளை மணல். சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும், லாலான் புல் முளைப்பதே பெரிய காரியம். அந்த மண்ணில் தூங்குமூஞ்சி மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். தென்னமெரிக்கப் பக்கத்து மரம், ஆனால் அவரை, துவரையின் இனம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும், மண்ணிடம் அதிகம் கேட்காது. நூறாண்டுக்கு மேல் வளர்ந்து, சாலையின் மேலே பாய்ந்து, கிளைகள் தண்ணீரைத் தொடுகின்றன. அந்தச் சாலையில் இப்போது வண்டிகளை விடுவதில்லை. தைப்பிங்கில் நகராண்மை எடுத்த முடிவுகளில் என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியானது. பெரிய மரத்தின் வேர் மேல் லாரி ஓட்டிக்கொண்டே மரத்துக்கு விழா எடுப்பதில் அர்த்தமில்லை.

நம்மவர்கள் இதில் எங்கே? லம்பத்துக்குள் நாம் அதிகம் இல்லை. லம்பத்திலிருந்து வெளியே போன பாதையில் இருந்தோம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை சுமார் 13 கிலோமீட்டர், மலாயாவின் முதல் ரயில்பாதை. 1885 ஜூன் 1ஆம் தேதி திறந்தார்கள். ஈயத்தைக் கப்பலேற்றுவதற்கென்றே போட்ட பாதை அது. சதுப்புநிலத்தில் மண் கொட்டிக் கட்டை அடுக்கியது இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை, தமிழ்த் தொழிலாளிகள் நிறைந்த படை. அவர்கள் போட்ட தண்டவாளத்தில் துறைமுகம் போன ஈயம், அங்கிருந்து கடல்வழியாகப் பினாங்குக்கு வந்தது.

அந்தத் தண்டவாளம் இன்று இல்லை. போர்ட் வெல்ட்டுக்கும் இப்போது கோலா செபெத்தாங் என்று பெயர். ஆனால் அடுத்த முறை பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் போங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. மீன்கடைகளுக்கும் காப்பிக்கடைக்கும் நடுவே பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறார்கள். நண்டு சாப்பிட மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.