கிருமி தெரியவில்லை என்ற பிறகும் மாத்திரை எதற்கு?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். எச்.ஐ.வி. தொற்றுக்காக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கூட்டு மருந்து வாங்கிச் செல்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கக்கூடிய ஒரு கேள்வியையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். தவறாமல் மாத்திரை சாப்பிடுபவரின் இரத்தத்தில் சில மாதங்களிலேயே கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிடுகிறது. அப்படி அறிக்கை வந்த பிறகும் ஆயுள் முழுவதும் மருந்து எதற்கு என்று அவர்கள் கேட்பது நியாயமே. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவருக்கும், வேலைக்காக வெளிநாடு செல்பவருக்கும், கையில் எத்தனை நாள் மருந்து வேண்டும் என்ற கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது.

எச்.ஐ.வி. தாக்குவது நோய் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சி.டி.4 டி செல்கள் என்னும் இரத்த வெள்ளணுக்களை. உள்ளே நுழைந்ததும் அது தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி, செல்லின் குரோமோசோமிலேயே இணைத்துவிடுகிறது. அதன் பிறகு வைரஸின் மரபணுக்கள் நம் மரபணுக்களுக்குரிய கட்டுப்பாட்டுக்கே உட்படுகின்றன. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் மனிதரிடம் ஏறத்தாழ 20,000 இருந்தாலும், எந்தச் செல்லும் அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்குவதில்லை. எது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணு ஒழுங்குமுறையே கல்லீரல் செல்லையும் நரம்புச் செல்லையும் வேறுபடுத்தி வைத்திருக்கிறது. வைரஸை உறங்க வைப்பதும் இதே ஒழுங்குமுறைதான் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தொற்றிய செல்களில் பெரும்பாலானவை வைரஸைப் பெருக்கி ஓரிரு நாட்களில் அழிந்துபோகின்றன. மிகச் சில செல்கள் மட்டும் ஓய்வு நிலைக்குத் திரும்பி நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசி பல்லாண்டு பயன் தருவதற்கு உதவும் செல்கள் இத்தகையவை. நெடுநாள் வாழ்வதே அவற்றின் வேலை. ஓய்விலிருக்கும் அத்தகைய செல்லுக்குள் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வைரஸ் மரபணுவின் தொடக்கப் பகுதியில் வந்து அமர்ந்து அதை இயக்கிவைக்கும் என்.எஃப். காப்பா பி என்னும் புரதம், ஓய்வுச் செல்லில் உட்கருவுக்கு வெளியே வேறொரு புரதத்தால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் என்னும் சிறு வேதிக் குழுக்களைச் சில நொதிகள் நீக்கிவிடுவதால், அப்பகுதி இறுகிப் படியெடுக்க, அதாவது ஆர்.என்.ஏ. நகலாக்க, இயலாததாகிறது. அதையும் மீறிப் படியெடுக்கத் தொடங்கும் நொதி, மரபணுவின் சுமார் 60 எழுத்துகளுக்குள் நின்றுவிடுகிறது. அதை மேற்கொண்டு நகர்த்த வேண்டிய புரதக் கூட்டணியும் ஓய்வுச் செல்லில் குறைவாகவே கிடைக்கிறது.

இத்தனை தடைகளையும் கடக்க வைரஸிடம் டாட் என்ற சொந்தப் புரதம் ஒன்று உண்டு. ஆனால் டாட் உருவாக வேண்டுமானால், வைரஸின் மரபணு ஓரளவாவது படியெடுக்கப்பட்டிருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுக் குளக்கரையில் விழும் சிறு கசிவை, அதில் பாயும் தண்ணீரே அகலப்படுத்தி உடைப்பாக்கிவிடுவதைப் போல, சிறிதளவு டாட் மேலும் டாட்டை உருவாக்கி வைரஸை முழுவேகத்தில் பெருகச் செய்கிறது. அந்தத் தொடக்கம் நேராத செல்லிலோ அமைதி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அந்தத் தொடக்கம் பெருமளவு தற்செயலாக நிகழ்வதால், எந்தச் செல் எப்போது விழிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

நாம் கொடுக்கும் மாத்திரைகள் வைரஸின் நொதிகளைத் தடுப்பவை. உறங்கும் செல்லில் தடுப்பதற்கு எந்த நொதியும் இயங்குவதில்லை. வைரஸின் புரதம் செல்லின் மேற்பரப்பில் தெரியாததால், நோய் எதிர்ப்புச் செல்களும் அதை அடையாளம் காண்பதில்லை. இத்தகைய செல்கள் சிகிச்சைக்குப் பிறகும் எஞ்சியிருப்பதை 1997-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அவற்றுள் ஒன்றான, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சிலிசியானோவின் குழு கணக்கிட்டபடி, ஓய்விலுள்ள பத்து லட்சம் சி.டி.4 செல்களுக்கு ஏறத்தாழ ஒன்றுதான் இப்படிப்பட்டது; ஆனால் அவற்றின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்பதால், மருந்தால் மட்டும் முற்றிலும் ஒழிக்க 70 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படும். போதாக்குறைக்கு, இச்செல்கள் பிரிந்து பெருகும்போது வைரஸின் மரபணுவும் கூடவே நகலாகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2010-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்து 30 மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கப்பட்டது. இடையில் மருந்து நின்றுபோன பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைரஸ் தென்படவில்லை; குணமாகிவிட்டது என்றே பலர் எழுதினர். 2014-இல் வைரஸ் திரும்பியது. பொதுவாக மருந்தை நிறுத்தியவர்களுக்கு இரண்டு, மூன்று வாரங்களிலேயே அது திரும்பிவிடுகிறது. ‘இரத்தத்தில் கிருமி இல்லை’ என்ற அறிக்கையைக் காட்டி முழுக் குணம் என்று பணம் பறிப்பவர்களிடம் ஏமாறக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அதே வேளை, அளவு கண்டறிய முடியாத நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. மாத்திரை தரும் இந்தப் பயன் சிறியதன்று. கடலுக்குச் செல்பவர்கள், கரை திரும்பத் தாமதமாகும் நாட்களுக்கும் சேர்த்து மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

உறங்கும் வைரஸை வேண்டுமென்றே எழுப்பி, வெளிப்படும் செல்களை அழிப்பது ஆய்வாளர்கள் முயன்ற முதல் வழி. அசிட்டைல் நீக்கும் நொதிகளைத் தடுக்கும் வொரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்தபோது, உறங்கிய செல்களில் வைரஸின் ஆர்.என்.ஏ. கூடியதை 2012-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மார்கோலிஸின் குழு காட்டியது. ஆனால் தொற்றுள்ள செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒருமுறை எழுப்பும்போது ஒரு பகுதியே எழுகிறது. எழுந்தவற்றை அழிக்க வேண்டிய செல்களோ நீண்ட தொற்றில் களைத்துப்போனவை. மேலும், அந்த நொதிகள் நம் ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கும் பொதுவானவை என்பதால், மருந்தின் அளவை விருப்பம்போல் கூட்டவும் இயலாது.

இதற்கு நேர்மாறாக, வைரஸை நிரந்தரமாக உறங்க வைப்பது இரண்டாவது வழி. என் சாய்வு இதன் பக்கமே. மருந்தில்லாமலேயே வைரஸை அடக்கி வைத்திருக்கும் அரிய மனிதர்கள் சிலரை ஆராய்ந்தபோது, அவர்களிடம் எஞ்சியிருக்கும் முழுமையான வைரஸ் மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோமின் இயங்காத பகுதிகளில் கிடப்பதாக 2020-இல் தெரியவந்தது. டாட்டைத் தடுக்கும் வேதிப்பொருள் ஒன்று, மனித எதிர்ப்புச் செல்கள் பொருத்தப்பட்ட எலிகளில் வைரஸ் திரும்புவதைத் தாமதப்படுத்தியிருக்கிறது, தடுத்துவிடவில்லை.

நம் நாட்டுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பி வகை எச்.ஐ.வி. மிகுதி; இந்தியாவில் சி வகை. என்.எஃப். காப்பா பி அமர்வதற்கு பி வகையில் பொதுவாக இரண்டு இடங்களும், சி வகையில் மூன்று இடங்களும் உள்ளன. நான்கு இடங்கள் கொண்ட வைரஸ்களும் இந்தியாவில் பரவியிருப்பதைப் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் உதயகுமார் ரங்கா குழு தெரிவித்துள்ளது. எழுப்பும் மருந்தானாலும் உறங்க வைக்கும் மருந்தானாலும், பி வகையில் பெற்ற வெற்றியை வைத்து இங்கே கொடுத்துவிட முடியாது. சி வகை தொற்றியவர்களின் செல்களில் அதைத் தனியே சோதித்தாக வேண்டும்.