பயோஷாக்: கை செய்வதும் கதை சொல்வதும்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

துப்பாக்கி விளையாட்டுக்குக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படும். எதிரணி இருந்தது, மேப் இருந்தது, அதுவே போதும். நான் இன்று பேச வந்தது வேறு வகையைப் பற்றி. ஒரு பாத்திரத்தின் கண் வழியாக மட்டுமே பார்த்து, அவன் கையால் மட்டுமே தொட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு கதைக்குள் நடந்து போகிற ஷூட்டர். இதை மதிப்பிடும்போது வழக்கமாகப் பட்டியல் போடுவார்கள்: கிராஃபிக்ஸுக்கு இவ்வளவு, துப்பாக்கிக்கு இவ்வளவு, கதைக்கு இவ்வளவு. எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. விளையாடுகிறவரின் கை செய்வதும் கதை அவரிடம் சொல்வதும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த வகைக்கு முதன்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பயோஷாக் என்ற ஷூட்டரை எடுத்துக்கொள்கிறேன். கென் லெவின் தலைமையில் இர்ரேஷனல் கேம்ஸ் குழு உருவாக்கி, 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. இன்னும் விளையாடாதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது 1960இல். அட்லாண்டிக் கடலில் ஒரு விமானம் விழுகிறது. உயிர் பிழைத்த ஜாக் நீந்திப் போய் ஒரு கலங்கரை விளக்கத்தை அடைகிறான். அங்கிருந்து கடலுக்கடியில் இறங்கினால் ராப்ச்சர் என்ற நகரம். ஆண்ட்ரூ ரையன் என்ற பெரும் பணக்காரர் 1946இல் நிறுவியது. அரசு கூடாது, மதம் கூடாது, யாருடைய உழைப்பிலும் யாரும் பங்கு கேட்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நாம் போய்ச் சேரும்போது நகரம் இடிந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஆடம் என்ற மரபணுப் பொருளுக்கு அடிமையாகி உருக்குலைந்த மனிதர்கள் இருட்டில் அலைகிறார்கள்.

இந்த நகரத்தின் கொள்கையை விளையாட்டு எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். ஆங்காங்கே கிடக்கும் ஒலிப்பதிவுகளில் நிறையப் பேச்சு இருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் கைக்குத் தெரிவது இன்னொன்று. ராப்ச்சரில் எல்லாவற்றுக்கும் விலை. தோட்டா வேண்டுமா, இயந்திரத்தில் காசு போடு. காயம் ஆற வேண்டுமா, சுவரில் மாட்டிய மருத்துவப் பெட்டிக்கும் காசு கொடு. அந்தப் பெட்டியை நாம் ஹேக் செய்துவிட்டால் நமக்குக் கட்டணம் குறைகிறது, குணமாக ஓடி வரும் எதிரிக்கு விஷம் பாய்கிறது. அடுத்தவன் உயிரைக் காசாகப் பார்க்கும் ஊரில், சில மணி நேரத்தில் நாமும் அப்படியே பார்க்கப் பழகிவிடுகிறோம். யாரும் பாடம் நடத்தவில்லை.

தொடக்கத்தில் ஒரு பெண் குழந்தை வண்டியின் மேல் குனிந்து தாலாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். சண்டை முடிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் குழந்தை இல்லை, ஒரு ரிவால்வர் கிடக்கிறது. இந்த விளையாட்டில் நமக்குக் கிடைக்கும் முதல் துப்பாக்கி அதுதான். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு வரிகூட விளக்கம் கிடையாது. அந்தத் துப்பாக்கியை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். கதையையும் துப்பாக்கியையும் தனித்தனியே மதிப்பெண் போடுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

சரி, சண்டைக்கு வருவோம். துப்பாக்கிகள் சுமார் ரகம்தான், அந்த ஆண்டிலேயே இதைவிட நன்றாகச் சுட வைத்த விளையாட்டுகள் இருந்தன. பிளாஸ்மிட் என்ற உடல் சக்திகள்தான் சண்டைக்கு ருசி. நீரில் நிற்பவன் மேல் மின்சாரம், எண்ணெய் சிந்திய தரையில் நெருப்பு. ஆனால் செத்தால் எந்த இழப்பும் இல்லாமல் வீட்டா சேம்பர் என்ற உயிர்ப்பிக்கும் கூண்டில் எழுந்துவிடலாம் என்பது பெரிய ஓட்டை. பிக் டாடி என்ற அந்தப் பயங்கரக் காவலனிடம் அடிபட்டுச் சாகலாம், எழுந்து வரலாம், அவன் பட்ட காயம் அப்படியே இருக்கும். ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டே பொறுமையாக அவனை முடித்துவிடலாம். பின்னால் வந்த ஒரு திருத்தத்தில் இந்த வசதியை நிறுத்திவைக்க வழி கொடுத்தார்கள். பயம் இல்லாத இடத்தில் திகில் கதை நிற்காது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது லிட்டில் சிஸ்டர்கள். பிக் டாடி காவல் காப்பது இந்தச் சிறுமிகளைத்தான். இவர்கள் உடலில் ஆடம் சுரக்கிறது. காவலன் விழுந்ததும் சிறுமி நம் கையில் சிக்குகிறாள். கொன்றால் 160 ஆடம். குணமாக்கி விட்டுவிட்டால் 80. விளையாட்டு நம் மனசாட்சியைச் சோதிப்பதாகப் பெயர். ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் 200 ஆடமும் வேறு பொருட்களும் பரிசாக வருகின்றன. கூட்டிப் பாருங்கள்: மூன்று பேரைக் கொன்றால் 480, காப்பாற்றினால் 440. பரிசில் வரும் ஒரு பிளாஸ்மிட்டால் பிக் டாடியையே நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம், கொல்கிறவருக்கு அது கிடைக்காது. அப்படியென்றால் நல்லவனாக இருக்க நாம் கொடுத்த விலை என்ன? அநேகமாக எதுவும் இல்லை. சுயநலம் ஒரு நகரத்தை எப்படி அழித்தது என்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. சுயநலத்தைக் கைவிட்டவருக்கு விளையாட்டு உடனே ஈடு கொடுத்துவிடுகிறது. உண்மையிலேயே பற்றாக்குறை வந்து, தோட்டா தீர்ந்து, சக்தி தீர்ந்து, ‘அந்தச் சிறுமியை அன்றைக்கு…’ என்று ஒரு கணமாவது நினைக்க வைத்திருக்க வேண்டும். அந்தத் துணிச்சல் அவர்களுக்கு வரவில்லை. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு, ஏனென்றால் அதற்கான எல்லாமே கையில் இருந்தது.

இப்போது ரையனின் அறைக்கு வருகிறேன். இந்தப் பேச்சே அந்த அறைக்காகத்தான்.

முதல் நிமிடங்களிலிருந்து அட்லஸ் என்பவன் ரேடியோவில் நமக்கு வழிகாட்டுகிறான். இங்கே போ, அதை எடு, இவரைக் கொல். மிகவும் பணிவாகக் கேட்பான், ‘தயவுகூர்ந்து’ என்று சேர்த்துத்தான் கேட்பான். நாம் போவோம், எடுப்போம், கொல்வோம். ஷூட்டர் என்றால் அப்படித்தானே? அம்புக்குறி காட்டும், நாம் போவோம். ரையனை நேரில் பார்க்கும்போதுதான் உண்மை வெளியாகிறது. ஜாக் ரையனின் மகன். அந்தப் பணிவான சொல்லைக் கேட்டால் மறுக்காமல் கீழ்ப்படியும்படி பழக்கப்படுத்தப்பட்டவன். விமானத்தை விழவைத்ததே அவன்தான், கையில் இருந்த பரிசுப் பெட்டியின் கடிதத்தில் அந்தச் சொல் இருந்தது. ரையன் அவனை உட்காரச் சொல்கிறார், எழச் சொல்கிறார், ஓடச் சொல்கிறார், நிற்கச் சொல்கிறார். அப்புறம் தன் கோல்ஃப் மட்டையைக் கொடுத்துத் தன்னையே கொல்லச் சொல்கிறார். மனிதன் தேர்ந்தெடுக்கிறான், அடிமை கீழ்ப்படிகிறான் என்று அடிபட்டுக்கொண்டே கத்துகிறார்.

1998இல் ஹாஃப் லைஃப் என்ற ஷூட்டர் வந்தபோது, கேமராவைப் பாத்திரத்தின் கண்ணிலிருந்து பிடுங்காமலே முழுக் கதையும் சொல்ல முடியும் என்று காட்டியது. பயோஷாக் அந்த வழியில்தான் வருகிறது. ஆனால் இந்த அறையில் நம் கண்ணை விட்டுவைத்துக் கையை மட்டும் பறிக்கிறது. மவுஸை எப்படி ஆட்டினாலும் மட்டை இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதுவரை நான் ஆடுகிறேன் என்று நினைத்திருந்த எல்லா மணி நேரத்துக்கும் அந்த ஒரு நிமிடம் வேறு பொருள் கொடுத்துவிடுகிறது. இதை நாவலில் எழுதலாம், படமாக எடுக்கலாம், ஆனால் கீழ்ப்படிந்தது வாசகரின் கையாக இருக்காது.

கிளின்ட் ஹாக்கிங் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007இலேயே இதைக் கடுமையாக விமர்சித்தார். சிறுமிகள் விஷயத்தில் தேர்வு தருகிற விளையாட்டு, அட்லஸுக்கு உதவுவதில் தேர்வே தரவில்லை, விளையாட்டும் கதையும் முரண்படுகின்றன என்றார். பாதி ஒத்துக்கொள்கிறேன். அட்லஸை மறுக்க வழி வைத்திருந்தால் ரையனின் அறைக்கு அர்த்தமே இருந்திருக்காது. அந்தக் கட்டாயம் குறை ஆகாது, கதையே அதுதான்.

குறை தொடங்குவது அதற்குப் பிறகு. நம் மூளையிலிருந்து அந்தக் கட்டளையை நீக்குகிறார்கள். விடுதலை ஆகிவிட்டோம். அடுத்த நொடியே டெனன்பாம் என்ற விஞ்ஞானி ரேடியோவில் வந்து எங்கே போக வேண்டும் என்று சொல்கிறார். அதே அம்புக்குறி, அதே கீழ்ப்படிதல். அடிமைத்தனத்தை அம்பலப்படுத்திய பிறகு சுதந்திரம் எப்படி இருக்கும் என்று கைக்குக் காட்ட வேண்டாமா? கடைசியில், நம்மை ஆட்டிவைத்த அட்லஸ் (உண்மைப் பெயர் ஃபான்டைன்) ராட்சத உருவெடுத்து வர, வழக்கமான பாஸ் சண்டை. ஒன்றுக்கு மேற்பட்ட சிறுமிகளைக் கொன்றிருந்தால் கெட்ட முடிவு, இல்லையென்றால் நல்ல முடிவு.

அந்தக் கடைசிப் பகுதியிலும் ஒன்றை விட்டுவிட மாட்டேன். ஓர் இடத்தில் நாமே பிக் டாடியின் உடையை அணிய வேண்டும். வட்டக் கண்ணாடி வழியே உலகம் குறுகித் தெரிகிறது, காலடி கனக்கிறது. அப்படியே ஒரு சிறுமியைப் பாதுகாத்துக் கூட்டிப் போக வேண்டும். பலருக்கு இந்தப் பகுதி எரிச்சல். மெதுவாக இருக்கிறது, அவள் அங்கங்கே நின்றுவிடுகிறாள் என்கிறார்கள். எனக்கோ ரையனின் அறைக்குப் பிறகு இந்த விளையாட்டு மறுபடி கையோடு பேசிய இடம் அதுதான். அதுவரை நாம் வேட்டையாடியவனின் உடலுக்குள் நின்று, அவன் எதற்காக அப்படி உறுமினான் என்று தெரிந்துகொள்கிறோம். புதிதாக விளையாடப் போகிறவர்கள் அந்தப் பகுதியை அவசரமாக ஓடி முடிக்காமல், அவள் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். நன்றி. கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.