இரத்தக் கொதிப்பும் அதன் கூட்டுக் காரணங்களும்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிரஷர் இருக்கிறது என்று முதன்முதலாகக் கேள்விப்படுபவர் பெரும்பாலும் கேட்பது, “சார், இது எதனால வந்துட்டு?” என்பதுதான். கருவாட்டாலா, கவலையாலா, அப்பாவுக்கு இருந்ததாலா என்று ஏதேனும் ஒன்றைச் சுட்டிக்காட்டச் சொல்வார்கள். சிறுநீரகத் தமனிச் சுருக்கம், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி என்று தனிக்காரணம் அகப்படுபவர்கள் சிலரே. பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. தனித்தனியே பெரிதாகத் தோன்றாத பல காரணங்கள் ஒன்றுக்கொன்று துணைபோய் அழுத்தத்தை 140/90-க்கு மேல் நிறுத்திவிடுகின்றன.

துணைபோவது எப்படி என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவும், சிறு தமனிகள் அதற்குத் தரும் தடையும் சேர்ந்து அழுத்தத்தை உண்டாக்குகின்றன. அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றி அதை இறக்கிவிட வேண்டும்; நம்மூர்க் குளங்களில் நீர் பெருகினால் மறுகால் பாய்ந்து மட்டம் தணிவதைப் போன்ற ஏற்பாடு இது. ஆகவே, அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே நிற்கிறது என்றால், மறுகால் பாயும் மேடே உயர்ந்துவிட்டது என்று பொருள். அதை உயர்த்தும் கைகள் பல.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பல ஆண்டுகளாக மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய தாய்க்கும் இரத்தக் கொதிப்பு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பரம்பரையாக வருவது பெரும்பாலும் நோயன்று. உட்கொள்ளும் உப்பை விரைவாக வெளியேற்ற இயலாத ஒரு தன்மையே அவ்வாறு வரக்கூடும், உப்பு குறைவாக இருக்கும்வரை அது வெளியே தெரியாமலும் இருக்கும். நாள் முழுதும் உட்கார்ந்தே செய்யும் வேலையில் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. அக்கொழுப்பு, உடலைப் பரபரப்புக்குத் தயார்செய்யும் பரிவு நரம்புகளுள் சிறுநீரகத்துக்குச் செல்பவற்றைத் தூண்டுகிறது. இன்சுலின் அளவை உயர்த்துகிறது. இரண்டுமே உப்பைப் பிடித்து வைக்கச் செய்பவை. இதற்கிடையே மாதவிடாய் நின்று, பெரிய தமனிகளின் நெகிழ்வும் குறையத் தொடங்குகிறது. சோற்றோடு அப்பளமும் மோர்மிளகாயும் ஊறுகாயும் சேர்ந்தால், உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குச் சொல்லும் 5 கிராம் உப்பு எளிதில் தாண்டிவிடும். முதுகுவலிக்கு மருந்துக்கடையில் தானாகவே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகம் உப்பை வெளியேற்றும் வழியையும் அடைக்கின்றன. பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கின்றன. இவற்றுள் எது காரணம் என்று கேட்டால், எதைச் சொல்வது? அதே உப்பை உண்ணும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாதிருப்பதும் இதனால்தான்.

ஆண்களிடம் இந்தக் கூட்டணியில் மதுவும் புகையும் சேர்கின்றன. உரக்கக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று எழும் பருமனான ஒருவருக்கு, இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் பெரும்பாலும் சரியாக இறங்குவதில்லை. குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

காரணங்கள் கூடிச் செயல்படுகின்றன என்றால், திருத்தங்களும் அவ்வாறே கூடுமா? அமெரிக்காவில் 412 பேரைக் கொண்டு நடந்து 2001-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. உப்பை மட்டும் நன்றாகக் குறைத்தபோது மேல் அழுத்தம், அதாவது 140/90 என்பதில் முதலில் வரும் எண், சராசரியாக 6.7 புள்ளிகள் இறங்கியது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் நிறைந்த உணவை மட்டும் கொடுத்தபோது 5.9 இறங்கியது. இரண்டையும் சேர்த்தபோது 8.9. தனித்தனிப் பயனைவிட இது அதிகம். ஆயினும் இரண்டின் கூட்டுத்தொகை அன்று. கீரையிலும் காய்களிலும் உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்ற உதவுவதால், இரு முயற்சிகளும் ஓரளவு ஒரே வழியில் நடக்கின்றன என்று கருதலாம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் பொட்டாசியம் மிகுந்த உணவைக் கூட்டக் கூடாது.

உப்பைக் குறைத்தும் பிரஷர் குறையவில்லை என்று சலித்து, பழைய உணவுக்கே திரும்பிவிடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உப்பு தவறான இலக்கு அன்று, அது தனித்து நின்ற இலக்கு. எடை, நடை, மது, உறக்கம் ஆகியவற்றில் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்பவர், ஒன்றில் மட்டும் கடும் விரதம் இருப்பவரைவிட முன்னே செல்ல வாய்ப்பு அதிகம். இவையெல்லாம் மாத்திரைக்கு மாற்றல்ல, துணை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நன்றாக இருக்கிறதே என்று இடையில் நிறுத்திவிட வேண்டாம். அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வரும்போது, மூட்டுவலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரையின் அட்டையையும் எடுத்து அவரிடம் காட்டுங்கள்.