பவர் ஸ்டீரிங் போடுவதற்கு முன்னால் ஜாக்கி போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் பட்டறையில் வந்து இறங்கியதும் கேட்கிற கேள்வி, "அண்ணே, இதுக்கு பவர் ஸ்டீரிங் போட்டுரலாமா?" என்பதுதான். போடலாம், தாராளமாகப் போடலாம், நானும் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பவர் ஸ்டீரிங் பாக்ஸ் தேடி அலைவதற்கு முன்னால் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாருங்கள் என்பேன். தேய்ந்துபோன ஸ்டீரிங்கை பவர் ஸ்டீரிங் சரி பண்ணாது. கனத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆட்டம் இருந்தால் அந்த ஆட்டம் அப்படியே இருக்கும், அதோடு அது உங்கள் கைக்குத் தெரியாமலும் போய்விடும். இதைத்தான் இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடி, தேவாரம், கம்பம் பக்கம் இருப்பவர்களுக்கு ஜீப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற வண்டிகளைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பீர்கள். போடிமெட்டு ரோட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற கல்லுப் பாதையில் இன்றைக்கும் ஜீப்தான் ஏறுகிறது. அந்த மாதிரி இடத்தில் ஸ்டீரிங் கனமாக இருந்தால் சாயங்காலம் டிரைவருக்குத் தோள்பட்டை கழன்று போகும்.

நான் பேசுவது பழைய சி.ஜே. 3பி பற்றி. மகிந்திரா நிறுவனம் 1947-லிருந்து வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது. 3பி அமெரிக்காவில் 1953-ல் வந்த மாடல். அங்கே 1968-ல் நிறுத்திவிட்டார்கள், இங்கே அதற்கப்புறமும் வெகுகாலம் செய்துகொண்டிருந்தோம். பானெட் உயரமாக, சதுரமாக நிற்குமே, அதுதான். அதனால்தான் மலைக்கிராமங்களில் இன்னும் இத்தனை வண்டி ஓடுகிறது.

அந்த வண்டியில் ஸ்டீரிங் எப்படி வேலை செய்கிறது என்று ரேடியோவில் படம் போட்டுக் காட்ட முடியாது, சொல்லிப் பார்க்கிறேன். ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து ஒரு டிராப் ஆர்ம் கீழே தொங்குகிறது. நீங்கள் வீலைத் திருப்பினால் அது முன்னும் பின்னும் ஆடும். ஆனால் சக்கரம் திரும்ப வேண்டியது இடமும் வலமும். முன்னே பின்னே போகிற தள்ளலைப் பக்கவாட்டுக்கு மாற்றுவதற்கு, முன்பக்கம் நடுவில், சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் ஒரு துண்டு இருக்கிறது. பெல் கிராங்க் என்பார்கள். அதிலிருந்து டை ராட் என்கிற இரண்டு கம்பி, ஒன்று இந்தச் சக்கரத்துக்கு, ஒன்று அந்தச் சக்கரத்துக்கு. பெல் கிராங்க் சுழல்வது ஒரு இரும்பு முளையில், பின் என்பார்கள். மொத்த ஸ்டீரிங்கும் அந்த ஒரு பின்னை நம்பி இருக்கிறது. சக்கரம் வாரி இறைக்கிற சேறும் தண்ணியும் விழுகிற இடமும் அதுதான். கிரீஸ் நிப்பிள் அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஏலத்தோட்டம் வைத்திருக்கிற ஒரு தம்பி, அவருடைய அப்பா காலத்து வண்டி, வேறு ஒரு இடத்தில் பவர் ஸ்டீரிங் போட்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். "ஒரு விரல்ல திரும்புதுண்ணே, ஆனா நேரா போக மாட்டேங்குது" என்றார். போடியிலிருந்து தேனிக்குப் போகிற நல்ல ரோட்டிலேயே வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறதாம். இஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அவரை உள்ளே உட்காரவைத்து, "கொஞ்சமா இப்படி அப்படி ஆட்டிக்கிட்டே இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நான் முன்பக்கம் படுத்து பெல் கிராங்க் மேல் கையை வைத்தேன். டிராப் ஆர்ம் அசைகிறது, அதையும் பெல் கிராங்கையும் இணைக்கிற டிராக் லிங்க் அசைகிறது, பெல் கிராங்க் முதலில் திரும்பவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புகிறது, அப்புறம்தான் திரும்புகிறது. அந்த முளையின் ஓரத்தில் காவி நிறத்தில் இரும்புத்தூள், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் மண் கலந்த கறுப்புப் பசை. இன்னும் கொஞ்சம் துடைத்துப் பார்த்தால் கிராஸ் மெம்பரில் அதன் பிராக்கெட் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல்.

என்ன நடந்திருக்கிறது என்றால், பவர் பாக்ஸை மாட்டிவிட்டு, பழைய பெல் கிராங்கை அப்படியே விட்டிருக்கிறார்கள். மனிதக் கை தள்ளுகிற பலத்துக்குச் செய்த முளை அது. இப்போது எண்ணெய் அழுத்தம் தள்ளுகிறது. உங்கள் டயரில் காற்று 25, 30 பவுண்டு இருக்கும். பவர் ஸ்டீரிங் பம்ப் முழு ஒடிப்பில் 1000 பவுண்டுக்கும் மேலே போகும். தேய்ந்த முளை அதை எப்படித் தாங்கும்?

அன்றைக்கு அவருடைய அப்பாவும் கூட வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "நாங்க ஓட்டறப்ப இவ்வளவு கனமா இல்லையேப்பா, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்றார். சரியான கேள்வி! அவர் ஓட்டினபோது வண்டியில் இருந்தது பெட்ரோல் இஞ்சின், 6.00-16 டயர். அந்த டயர் ஒல்லி, தரையில் படுகிற அகலம் குறைவு, நின்ற இடத்திலேயே திருப்பலாம். மகன் காலத்தில் டீசல் இஞ்சின் வந்தது, முன்பக்கத்துக்கு எடை கூடிவிட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அகல டயர், வெளியே தள்ளி நிற்கிற ரிம். கனம் அங்கேயிருந்து வந்தது. ரிம் வெளியே தள்ளத் தள்ள சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற கிங் பின்னைச் சுற்றி வருகிற வட்டம் பெரிதாகிறது, ஒவ்வொரு கல்லும் ஸ்டீரிங்கைத் தட்டிப் பறிக்கும். அதனால் ஒல்லி டயரோடு, பெட்ரோல் இஞ்சினோடு வண்டியை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: பெல் கிராங்குக்குப் புது பின்னும் பேரிங்கும் போடுங்கள், டை ராட் எண்ட் மாற்றுங்கள், கிங் பின் பேரிங்கைப் பாருங்கள், ஒரு மாதம் ஓட்டுங்கள். அப்புறமும் பவர் ஸ்டீரிங் வேண்டுமென்று தோன்றினால் வாருங்கள். பாதிப் பேர் வருவதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஜாக்கி போட்டால் என்ன பார்ப்பது? சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங், இல்லை கிங் பின். ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின் பேரிங்கை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துத்தான் இறுக்க வேண்டும். ஷிம்மை எடுக்க எடுக்க இறுகும். ரொம்ப லூசாக இருந்தால் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரம் இரண்டும் வெடவெடவென்று உதற ஆரம்பிக்கும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும், வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். ஸ்பிரிங் பட்டை முடிகிற இடத்தில் அதைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிளின் புஷ்ஷையும் பாருங்கள். அது போயிருந்தால் ஆக்ஸில் முழுசும் பக்கவாட்டில் நகரும், எந்த ஸ்டீரிங் போட்டாலும் நேராகப் போகாது.

இடையில் ஒரு சின்ன விஷயம். பவர் ஸ்டீரிங்கே கனரக வண்டிக்காரனின் கஷ்டத்திலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ கம்பெனியில் லாரிப் பிரிவில் இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற இஞ்சினியர், வேலையை விட்டுவிட்டு சொந்தமாக முயற்சி செய்து, 1926-ல் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஸ்டீரிங்கை ஓட்டியே காட்டினார். ஆனால் செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் தள்ளிப் போட்டன. யுத்தத்தில் கவச வண்டிகளுக்குப் பயன்பட்டது. கடைக்குப் போய் வாங்கக்கூடிய காரில் அது வந்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். கால் நூற்றாண்டு அந்த மனிதர் காத்திருந்தார்.

சரி, போடுகிற வேலைக்கு வருவோம். நல்ல முறை என்னவென்றால் பெல் கிராங்கை அடியோடு எடுத்துவிடுவது. பவர் பாக்ஸை ஆக்ஸிலுக்கு முன்னால், சேஸிஸின் வலது பக்கம் வைத்து, டிராப் ஆர்ம் இடவலமாக ஆடும்படி பண்ணி, அங்கிருந்து ஒரு டிராக் லிங்க் குறுக்கே போய் இடது சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற நக்கிளைப் பிடிக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரே நீள டை ராட். டிராக் லிங்க் முடிந்தவரை டை ராடுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். சாய்வாக ஏறி இறங்கினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீரிங் தானாகத் திரும்பும்.

பாக்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இன்புட் ஷாஃப்டை வலது பக்கம் திருப்பினால் டிராப் ஆர்ம் எந்தப் பக்கம் போகிறது? வெளிநாட்டு இடதுகை வண்டியின் பாக்ஸையோ, வேறு மாதிரி படுத்திருந்த பாக்ஸையோ வாங்கிவந்து மாட்டினால், நீங்கள் இடது பக்கம் ஒடிக்க வண்டி வலது பக்கம் போகும். பழைய சாமான் கடையிலேயே கையால் திருப்பிப் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் ரானே நிறுவனம் 1929-ல் சென்னையில் ஆரம்பித்தது, ஸ்டீரிங் சாமான்களுக்குப் பேர் போனது. உள்ளூரில் கிடைக்கிற பாக்ஸாக எடுத்தால் நாளைக்கு சீல் கிட்டுக்கு அலைய வேண்டாம்.

சேஸிஸ் அடுத்தது. பழைய ஜீப் சேஸிஸ் தகடு மெல்லிசு. பாக்ஸை அப்படியே துளை போட்டு மாட்டினால் மலையில் ஒரு பருவம் தாங்காது. உள்ளேயும் வெளியேயும் கனமான பிளேட் வைத்து, போல்ட் போகிற துளைக்குள் குழாய்த் துண்டு வைத்து வெல்டு பண்ண வேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்க இறுக்க சேஸிஸ் நசுங்கும். பிளேட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டி மேலிருந்து கீழே ஒரே கோடாக வெல்டு அடிக்காதீர்கள். சரிவாக வெட்டுங்கள். நேர்க்கோடாக அடித்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும்.

பம்ப் பெல்ட்டில் ஓடுகிறது. கிராங்க் புல்லியில் இரண்டாவது பள்ளம் இல்லாவிட்டால் லேத்தில் கொடுத்துச் செய்ய வேண்டும். இரண்டு புல்லியும் ஒரே நேரில் இருக்க வேண்டும், நூல் பிடித்துப் பாருங்கள். பிராக்கெட் வளைந்து கொடுத்தால் ஒடிக்கும்போதெல்லாம் பெல்ட் கத்தும். அழுத்தம் போகிற ஹோஸ், முனையை மெஷினில் அழுத்திப் பூட்டிய, கிரிம்ப் அடித்ததாகத்தான் இருக்க வேண்டும், அதில் சாதாரண கிளிப் போடவே கூடாது. கிளிப் திரும்பி வருகிற ஹோஸுக்கு மட்டும். இரண்டையும் சைலன்சர் பக்கம் போகவிடாதீர்கள், சூட்டில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கும்.

எண்ணெய் ஊற்றினதும் இஞ்சினைப் போட்டுவிடாதீர்கள். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, இஞ்சினை அணைத்த நிலையிலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஒருத்தர் டேங்க் மூடியைத் திறந்து பார்த்து எண்ணெயை நிரப்பிக்கொண்டே இருக்கட்டும். குமிழி வருவது நின்றபிறகு இஞ்சின். சிவப்பு எண்ணெய் ரோஸ் மில்க் மாதிரி நுரைத்திருந்தால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அணைத்துவிட்டு அடங்கவிட்டு மறுபடி செய்யுங்கள். அவசரப்பட்டு ஓட்டினால் பம்ப் ஊளையிட்டே தேய்ந்துவிடும்.

பராமரிப்பு பெரிய கஷ்டம் இல்லை. எண்ணெய் அளவு, பெல்ட், ஹோஸ், இந்த மூன்றையும் மலை ஏறுவதற்கு முன் ஒரு பார்வை. அந்த டேங்கில் பிரேக் ஆயிலை ஊற்றவே ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் சீல் அத்தனையும் ஊறிக் கெட்டுப்போகும். முழுக்க ஒடித்துப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், எண்ணெய் கொதிக்கும். நக்கிளில் இருக்கிற ஸ்டாப் போல்ட்டை, பாக்ஸ் உள்ளே முட்டுவதற்கு முன்னால் சக்கரம் நின்றுவிடுகிற மாதிரி வையுங்கள். பாக்ஸ் மேலே இருக்கிற ஸ்குரூவை முடுக்கி ஆட்டத்தை எடுக்கலாம் என்பார்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது, பல்லும் போகும். ஆட்டம் வேறு எங்கேயும் இல்லை என்று ஜாக்கி போட்டுப் பார்த்தபிறகுதான் அந்த ஸ்குரூவைத் தொட வேண்டும்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்து உருட்டுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பவர் ஸ்டீரிங் போட்ட வண்டியில் தயவுசெய்து வேண்டாம். இஞ்சின் நின்றால் பம்ப் நின்றது. அப்போது ஸ்டீரிங் திரும்பும், ஆனால் பழைய ஸ்டீரிங்கைவிடக் கனமாகத் திரும்பும், அதுவும் கொண்டை ஊசியில்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மோட்டார் வைத்த எலெக்ட்ரிக் ஸ்டீரிங்கைப் பற்றியும் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன், ஒரே வார்த்தை: சின்னக் கார்களில் வருகிற அந்தத் தண்டை ஜீப்பில் மாட்டலாம், ஹோஸ் தொல்லை இல்லை, ஆனால் கரண்ட் நிறைய இழுக்கும், பழைய டைனமோ தாங்காது, ஆல்டர்னேட்டர் போட்டிருக்க வேண்டும். எந்த வகை போட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிப் பேசுகிறது, அதனால் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வணக்கம்.